பூசையில் வாசித்த பெயர்

அக்டோபர் 2, வியாழன்

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. மதுரையிலிருந்து தங்கச்சி ஜெசிந்தா. வக்கீல் ஆனதிலிருந்து அவள் சொல்லிவிட்டு வருவதே இல்லை. கூடவே ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெட்டிய முடி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரே ஒரு பை.

"எக்கா, இவ என்கூட பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல படிச்சவ. லீமா டீச்சர். ஒரு மாசம் உங்கூட இருக்கட்டும்."

"ஏம்ளா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஓய்வு வேணும். யாரும் கேட்டா லீமா டீச்சர், ஊரு மதுர. அவ்வளவுதான். நீயும் அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத. உன் வாய அடக்கு, கால்ல வேணா விழுதேன்."

இதையே நாலு தடவை சொன்னாள். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

கோயிலில் தியானம் நடத்த வந்த சாமியார், அன்றன்றைக்குச் செய்த பாவத்தை எழுதிப் பாருங்கள் என்றாரே, அதற்காகத்தான் இந்த டைரி. இன்றைய பாவம்: டீச்சர் குளிக்கப் போனபோது அவள் பையைத் தொட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. கனமாக இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சாயந்திரம் ஜெபமாலைக்கு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். ஆனால் சிலுவை போடத் தெரியவில்லை. வலது தோளை முதலில் தொடுகிறாள். லீமா என்று கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டு சிலுவை போடத் தெரியாதவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கேட்கக் கூடாது என்றாளே, கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தேன். கொல்லையில் பேச்சுச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் டீச்சர் தனியாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஏதோ பாஷை. விரலை நீட்டுகிறாள், குரலை உயர்த்துகிறாள், சட்டென்று நிறுத்துகிறாள். எதிரில் நூறு பேர் இருந்து கை தட்டுவதுபோலவும் அது அடங்கட்டும் என்று காத்திருப்பதுபோலவும் நிற்கிறாள். பிறகு மறுபடி தொடங்குகிறாள்.

ஓய்வு வேணும் என்று ஜெசிந்தா சொன்னது இந்த ஓய்வா? புத்தி சரியில்லாதவளையா என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்? அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். டீச்சருக்குச் சோறு கொஞ்சம் கூடவே வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

நெத்திலி. டீச்சர் தலை கிள்ளித் தந்தாள். என்னைவிட வேகம். கடற்கரையில் பிறந்த கைதான் அது. மதுரையில் ஏது கடல்?

அக்டோபர் 8, புதன்

பக்கத்து வீட்டு பிரிஸ்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ரொசாரியோவுக்கு அக்கரைத் தீவு ஒன்றில் ஓட்டல் சமையல் வேலை. வந்தவள் அப்படியே வீடியோவில் அவனைக் கூப்பிட்டு, "மாமிகிட்ட பேசுங்க" என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவனுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஊர் பாஷையில். அந்தச் சத்தம் கேட்டதும் டீச்சர் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஆரு மாமி அது?"

"லீமா டீச்சர். மதுர."

"எதுக்கு ஓடுதாவ?"

"கூச்சம்."

நாலு கட்சிக்காரர்கள் நடுவில் நின்று பேசுகிற மாதிரி சுவரோடு பேசுகிறவளுக்குக் கூச்சமாம். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கதவைத் தட்டியபோது அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் கரண்ட் இல்லை. நானும் டீச்சரும் பின்வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். அவள் இடது பக்கமிருந்து ஏதோ சொன்னாள். நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டு, "அக்கா, இந்தக் காது கேட்காதா?" என்றாள்.

"கிணத்தடியில வழுக்கி விழுந்தேன், இருவது வருசமாச்சு."

"விழுந்தா காதுக்குள்ள அடிபடுமா?"

எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை. சரி, எங்கிருந்தோ வந்தவள்தானே, ஒரு மாதத்தில் போகப்போகிறவள்தானே என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கஸ்பார் தோணியில் சுக்கான் பிடித்தவர். வருஷத்தில் ஆறு மாதம் அக்கரையில். ஒரு தடவை வந்த மறுநாள் நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் கையை ஓங்கினார். ஒரே அடிதான். மற்றபடி நல்ல மனுஷர், பூசை தப்பாது, குடி கிடையாது, மாதா சப்பரம் தூக்குவார்.

என்ன கேள்வி என்று டீச்சர் கேட்கவில்லை. எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அக்கா, பொண்டாட்டியை அடிக்கிறவனைப் போலீஸ் பிடிக்கணும்னு ஒரு சட்டம் கேட்டேன். அதுக்குத்தான் என் நாட்டுல எனக்குப் பதினோரு வருஷம் ஜெயில்" என்றாள்.

யாரிடம் சட்டம் கேட்டாய் என்றேன். பாராளுமன்றத்தில் என்றாள். அங்கே எதிர்க்கட்சி மெம்பராம். நாட்டுக்குத் துரோகம், மதத்துக்கு விரோதம் என்று வழக்கு. தீர்ப்புக்கு முந்தின நாள் மீன்பிடிப் படகில் ஏறி வந்துவிட்டாள். பதின்மூன்று வயதில் ஒரு மகள். மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஏழு மாதமாகக் குரல்கூடக் கேட்கவில்லை. ஏதோ குளிர் நாட்டில் இருக்க இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்தக் காகிதம் வருகிறவரை இங்கே இருப்பது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள்.

பெற்ற மகளை விட்டுவிட்டு வருகிறவள் எப்படிப்பட்டவள்? ஆனால் ஜெயிலில் இருந்தாலும் மகளை விட்டுத்தானே இருக்க வேண்டும்? நான் எந்தப் பக்கம் நினைப்பது? ஒரு அடிக்காகச் சட்டம் எல்லாம் போட்டால் எங்கள் தெருவில் எத்தனை ஆம்பிளை மிஞ்சுவான் என்றும் ஓடுகிறது. ஒன்றும் புரியவில்லை.

எந்த நாடு என்று எழுதமாட்டேன். கஸ்பார் போய்வந்த தீவுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தன் சொந்தப் பெயரையும் சொன்னாள். அதையும் எழுதமாட்டேன். காகிதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

அக்டோபர் 11, சனி

டீச்சர் பெயரை வாசித்து வேண்டிக்கொள்ள நாளைக்குப் பூசைக் கருத்துக் கொடுக்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. லீமா என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஜெபம் யாருக்குப் போய்ச் சேரும்? ஊரில் நாலு லீமா இருக்கிறார்கள். கடவுளிடமே பொய்ப் பெயர் சொல்வதா?

உபதேசியார் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "முஸ்லிம் பேரால்லா இருக்கு?" என்றார்.

"ஏன், அவியளுக்கு மாதா கேக்கமாட்டாவளா?"

"கேப்பாவ, கேப்பாவ" என்று நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

மனதுக்கு நிம்மதியாக இருந்தது. வரும்போது அகத்திக்கீரை வாங்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல பூசை. கருத்துகளை உபதேசியார் நிறுத்தி, தெளிவாக வாசித்தார். மகன் டென்சில் கப்பலிலிருந்து கூப்பிட்டான். பூசையை யூடியூபில் பார்த்தானாம். "முன்னால நீலச் சேலைல இருந்தது நீங்கதானம்மா?" என்றான். ஊர்ப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் குழாய் திறந்தபடி கிடக்கிறது, குடம் நிறைந்து தண்ணீர் வழிகிறது. டீச்சர் கோபுரத்து ஒலிபெருக்கிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண் சிவந்திருந்தது. "என்ன டீச்சர்?" என்றேன். "ஒண்ணுமில்ல அக்கா, சோப்புத் தண்ணி" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

டீச்சர் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டால், சும்மா என்கிறாள்.

அக்டோபர் 15, புதன்

காலையில் ஜெசிந்தா போன். வாயைத் திறந்ததும் கத்தல்.

"எக்கா, அவ உங்க ஊர்ல இருக்கான்னு அந்த நாட்டுல பேச்சு வந்துட்டு. யார்கிட்ட சொன்ன?"

"நான் யார்கிட்டளா சொல்லப் போறேன்?"

"மாதா மேல சத்தியமா சொல்லு."

"மனுசர் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப அந்த பிரிஸ்காதான். புருஷன் அங்கதான இருக்கான்? வீட்டுக்குள்ள விடாத அவள."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரிஸ்காவாகவும் இருக்கலாம் அல்லவா? அன்றைக்கு வீடியோவில் வெங்காயம் அரிகிற கை தெரிந்திருக்கும். அல்லது பால்காரர். அல்லது அவளை ஏற்றிவந்த படகுக்காரன். சாயந்திரம் பிரிஸ்கா குழந்தையோடு வந்தாள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கிப் போனதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. தலையும் நிஜமாகவே வலித்தது.

அக்டோபர் 16, வியாழன்

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து என் வலது பக்கமாக நின்றாள். இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.

"அக்கா, பிரிஸ்காவைத் திட்டாதீங்க. அவ சொல்லல."

"பிறகு யாரு?"

"ஞாயித்துக்கிழமை மைக்ல கேட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். எனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று எழுதினால் அது பொய். புதன்கிழமையே தெரியும். தெரிந்ததை எனக்கே சொல்லாமல் வைத்திருந்தேன்.

"என் பேரை முழுசா யாரும் வாய்விட்டுச் சொல்லி ஏழு மாசம் ஆச்சு அக்கா. கோர்ட்ல கடைசியா சொன்னாங்க. அதுக்கப்புறம் உங்க கோயில்ல." சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் அப்பவே சண்டை போடல? ரெண்டு அறை விட்டிருக்கலாம்லா?"

"நான் அறையறவங்களுக்கு எதிர்க்கட்சி" என்றாள்.

குழம்பு அடி பிடித்துவிட்டது. நாளை மறுநாள் காலையில் ஜெசிந்தா கார் கொண்டுவருகிறாள். நாளை ஒரு நாள்தான். மாதாவே, நாளை ஒரு நாளை மட்டும் தாண்டவிடு.

அக்டோபர் 17, வெள்ளி

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் முழுக்க எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து மாதா சுரூபம் வீடு வீடாக வரும். வருகிற வீட்டில் தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். இன்றைக்கு என் வீட்டு முறை. வேண்டாம் என்று சொன்னால் அதுவே சந்தேகம். ஐந்து மணிக்கு மாதா வந்தார்கள். இருபது பெண்கள். டீச்சரை அறைக்குள் வைத்துப் பூட்டலாம் என்றேன். "வேணாம் அக்கா, பூட்டின கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க" என்று என் பழைய சேலையைக் கட்டி முக்காடு போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜெபமாலையில் இரண்டாம் மறையுண்மை முடிகிற நேரம். வாசலில் இரண்டு பேர். பேண்ட் சட்டை. ஆபீசிலிருந்து வருகிறோம் என்றார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. போலீஸா, அந்த நாட்டு ஆட்களா, இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றார்கள்.

"செலஸ்தீனா மச்சாது யாரும்மா?"

"நாந்தான்."

பெரியவன் போனை எடுத்து அழுத்தினான். எங்கள் உபதேசியார் குரல். "சபூரா இத்ரீஸ் அவர்களின் நலனுக்காக. ஒப்புக்கொடுப்பவர் செலஸ்தீனா மச்சாது." எல்லோருக்கும் கேட்டது. ஜெபம் நின்றுவிட்டது.

"இந்த சபூரா யாரு?"

ஓரக்கண்ணால் பார்த்தேன். டீச்சர் குனிந்திருந்தாள். பக்கத்தில் பிரிஸ்கா. தலைவலி என்று நான் துரத்திவிட்ட பிரிஸ்கா. அவள் தன் குழந்தையைத் தூக்கி டீச்சர் மடியில் போட்டாள். குழந்தை முக்காட்டைப் பிடித்து முகத்தின் மேல் இழுத்தது. அப்போதுதான் புரிந்தது, அந்த நாட்டில் அடிபடுகிற பேச்சை ரொசாரியோ அவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

"கேக்குறது உங்களைத்தாம்மா. யாரு அந்த சபூரா?"

"என் சக்களத்தி" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு கிழவி, "சேசுவே" என்றாள்.

"என்ன?"

"சக்களத்தி. என் வீட்டுக்காரர் தோணிக்காரர். அக்கரையில அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சு. அவதான். இப்ப உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன், பூசைக்குக் குடுத்தேன். அதுக்கு ஆபீஸ்லேருந்து வருவியளோ?"

சின்னவன் சிரிப்பை அடக்கினான். பெரியவன் விடவில்லை. "எந்த இடத்துல இருக்காங்க?"

"துறைமுகத்துப் பின்னால. அப்பன் கயிறு கடை வச்சிருந்தான். பச்சைக் கதவு."

"பிள்ளைங்க?"

"ரெண்டு. மூத்தவன் இப்ப இருவத்தாறு. இளையவளுக்கு ஒரு கால் கொஞ்சம் விந்தும். அவருக்கு அந்தப் பிள்ளை மேலதான் உசுரு. வேற என்ன வேணும்? இத்தன பொம்பளையளுக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டிய. இன்னும் நிக்கியளா, போறியளா?"

பெரியவன் கண் ஒருமுறை வரிசைகளை மேய்ந்தது. முக்காடு, குழந்தை, ஜெபமாலை. மறுபடி வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

பிறகு பிரிஸ்காதான் சத்தமாக, "மூன்றாம் மறையுண்மை, இயேசு முள்முடி சூட்டப்பட்டதைத் தியானிப்போம்" என்று எடுத்துக் கொடுத்தாள். மாதாவுக்கு முன்னால் உட்கார்ந்து அத்தனையும் சொல்லியிருக்கிறேன். கயிறு கடை, பச்சைக் கதவு, நிறுத்தாமல் எப்படி வந்தது? இக்கட்டில் பேச வேண்டியதைப் பரிசுத்த ஆவி தருவார் என்பார்கள். இதையுமா அவர் தருவார்?

அக்டோபர் 18, சனி

விடிந்ததும் ஜெசிந்தா வந்தாள். பூசை வீடியோவைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கு அறிவிருக்கா எக்கா? மைக் போட்டு, உலகம் பூரா!"

"நான் மாதாகிட்டத்தான் சொன்னேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மெதுவாக, "மச்சானப் பத்தி ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள்.

"வாயில வந்துச்சு."

சபூரா என்னைக் கட்டிப்பிடித்தாள். என் வலது காதில், "அக்கா, பாராளுமன்றத்துல நான் அப்படிப் பேசினது இல்ல" என்றாள். பிரிஸ்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினாள். கார் போய்விட்டது. எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். என் பெஞ்சில் பிரிஸ்கா மட்டும் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 23, வியாழன்

அந்த ஆபீஸ்காரர்கள் மறுபடி வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கொல்லைச் சுவரைத்தான் காட்டினேன். வேறு என்ன இருக்கிறது காட்ட?

அக்டோபர் 28, செவ்வாய்

ஜெசிந்தா போன். காகிதம் வந்துவிட்டது. சபூரா நேற்றே விமானம் ஏறி, போய்ச் சேர்ந்தும்விட்டாளாம். அங்கே இப்போதே குளிராம். மகளோடு பேச முடிந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

டென்சில் கப்பலிலிருந்து கூப்பிட்டான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சு. இப்ப போய் அவர் பேரைக் கெடுத்திருக்கீங்க. எவளோ ஒருத்திக்காக."

"மக்கா, ஒரு உசுரு போயிருக்கும்டா."

"வேற பொய்யே கிடைக்கலையா உங்களுக்கு?"

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 1, சனி

கஸ்பாரின் கல்லறைக்கு வெள்ளையடித்தேன். ஒரு காலத்தில் அவரோடு தோணியில் போன இரண்டு பேர் பக்கத்துக் கல்லறையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக, "என்ன செலஸ்தி" என்பார்கள். இன்று என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர்க்காரர்கள் முறைத்தால் எனக்குப் புரிகிறது. இவர்கள் எதற்குத் தலை குனிய வேண்டும்?

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய்யை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது. பெரிய வரிசை. என் முறை வந்ததும் முழங்கால் போட்டு, வலது காதை இடையிலிருந்த தட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம் சாமி. பொய் சொல்லிட்டேன். மாதா சுரூபத்துக்கு முன்னாலயே சொன்னேன்."

"எனக்கும் காதுல விழுந்துச்சும்மா. ஒரு உயிரைக் காப்பாத்தச் சொன்னீங்க, ஆண்டவர் அதைப் புரிஞ்சுக்குவார். ஆனா செத்துப்போன மனுஷர் பேரு இருக்கு பாருங்க. அவரால வந்து இல்லன்னு சொல்ல முடியாது. உங்க மகனும் எனக்குப் போன் பண்ணி அழுதான்."

"ஆமா சாமி."

"அதனால உங்களுக்கு அபராதம் இதுதான். இன்னைக்குக் கல்லறை மந்திரிப்பு முடிஞ்சதும் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. அவங்க முன்னால, நான் சொன்னது பொய், என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"என்னம்மா, கஷ்டமா இருக்கா?"

"அப்படிச் சொன்னா இன்னொரு சங்கீர்த்தனத்துக்கு வரணும் சாமி."

"ஏன்?"

"பேரு மட்டும்தான் சாமி பொய்."